வீட்டில் இரண்டு பேர் முழுகாமல்

எங்கள் நாய்க்குப் பெயர் இல்லை. கொள்கை என்று எதுவும் கிடையாது, பெயர் விஷயத்தில் எனக்கும் கணவருக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அவர் சொன்ன பெயர் அவரோடு ரியூசனில் படித்த ஒருத்தியின் பெயர் என்பதை நான் கண்டுபிடித்துவிட்டேன். நான் சொன்ன பெயரில் அவருடைய பெரியம்மா ஒருவர் உயிரோடு இருந்தார். மாறி மாறி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில் கதை அப்படியே நின்றுபோக, நாயை "அவ" என்றே சொல்லிப் பழகினோம். அவ சாப்பிட்டாவோ, அவவுக்குக் கதவைத் திறந்துவிடுங்கோ, அவ செருப்பைக் கடிச்சுப்போட்டா. நான் பக்கத்தில் இல்லாத நேரங்களில் கணவருக்கு நானும் "அவ"தான். ஒரே வீட்டில் இரண்டு "அவ" இருப்பது ஆபத்து என்று அப்போது இருவருக்கும் தோன்றவில்லை.

நாய் எங்களிடம் வந்தது கல்யாணமாகி மூன்றாம் வருஷம். கணவருக்கு உட்துறைமுகப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. ஒரு நாள் மாலை ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவருக்குப் பின்னால் மண்ணிறத்தில் ஒரு பெட்டை நாய் தானாக நடந்து வந்து, படலைக்குள் நுழைந்து, வாசல் கால்மிதியில் படுத்துக்கொண்டது. கலைத்துப் பார்த்தோம். படலை வரை போய்த் திரும்பி வந்து படுத்தது. அடுத்த மாதமே கணவர் அதைக் கருத்தடை முகாமுக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்வித்து, அடையாளத்துக்கு ஒரு காதில் நறுக்கோடு திருப்பிக் கொண்டுவந்தார். அன்றைக்கு அவர் அழுதார். நாய் அழவில்லை, சோறு கேட்டது.

அந்த நாயிடம் ஒரே ஒரு குறைதான். தண்ணீர் ஆகாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் தெரிகிற ஊரில் பிறந்துவிட்டு, வாளியைக் கண்டால் நடுங்கும். சவர்க்காரத்தை உறையிலிருந்து பிரிக்கிற சத்தம் கேட்டாலே கட்டிலுக்குக் கீழே போய்விடும். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் என்று பழமொழி சொன்ன ஆள் எங்கள் நாயைக் கண்டிருந்தால், குளிப்பாட்டி என்ற இடத்திலேயே நிறுத்தியிருப்பார்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் தலைக்குத் தண்ணீர் வார்த்துக் குளிப்பதை முழுகுவது என்போம். மாதவிலக்கு முடிந்து குளிப்பதற்கும் அதே சொல். அதனால் கல்யாணம் முடித்த ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்றால், அவள் அழுக்காக இருக்கிறாள் என்று இந்த ஊரில் எவரும் எடுக்கமாட்டார்கள். வயிற்றில் பிள்ளை என்றுதான் எடுப்பார்கள். கையில் இனிப்போடு வந்துவிடுவார்கள்.

என்னைப் பார்க்க அப்படி யாரும் வரவில்லை. ஆறு வருஷம். ஒழுங்காகவோ ஒழுங்கில்லாமலோ நான் முழுகிக்கொண்டுதான் இருந்தேன். மாமிக்கு, அதாவது கணவரின் அம்மாவுக்கு, அது என் பிடிவாதம் என்று எண்ணம். சல்லி என்கிற ஊரில் கடற்கரையோரம் மீன்பிடிக் குடும்பம். அலைக்கு மேலால் கதைத்துப் பழகியதால் குரல் பெரிது. நல்லது கெட்டது எதற்குப் போனாலும் என் முகத்தை விட்டுவிட்டு வயிற்றைப் பார்த்துத்தான் சுகம் விசாரிப்பார். ஒருமுறை சொந்தத்தில் ஒரு குழந்தையைத் தொட்டிலில் போடுகிற நேரம், என்னைப் பார்த்து, நீ போய்க் குசினியில் தேங்காய் திருவு பிள்ளை என்றார். போய்ப் பார்த்தேன். திருவுவதற்கு அங்கே ஒரு தேங்காயும் இல்லை. அதற்குப் பிறகு நான் சல்லிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கட்டிலில் விழுந்து கிடந்தபோது நாய் மட்டும் காலடியில் வந்து கிடந்தது. ஒன்றும் விசாரிக்கவில்லை, எங்கேயும் பார்க்கவில்லை. அதனால்தான் இந்த நாயை யாராவது ஒரு சொல் சொன்னாலும் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிறு காலை. நான் பின்வளவில் குழாயடியில் வாளி நிரப்பிக்கொண்டு நின்றேன். கணவர் சாரத்தை மடித்துக் கட்டி, கையில் சவர்க்காரத்தோடு கட்டிலுக்குக் கீழே பாதி உடம்பை நுழைத்திருந்தார். போன் அடித்தது. அவருடைய பக்கத்துப் பேச்சு யன்னலால் எனக்குக் கேட்டது. நாயைப் பற்றித்தான் கதைக்கிறார் என்று நானும் பேசாமல் தண்ணீர் பிடித்தேன். மறுபக்கத்துப் பேச்சைப் பிறகு மாமியே பலருக்கு நடித்துக் காட்டியிருக்கிறார்.

அவ எப்பிடி இருக்கிறா என்று மாமி கேட்டாராம். மரியாதைக்கு. என்னைத்தான்.

"அவ இன்னும் முழுகேல்லையம்மா," என்றார் கட்டிலுக்குக் கீழே இருந்தவர். "ரெண்டு மாசமா முழுகாமல்தான் இருக்கிறா."

ரெண்டு மாசமோ, எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை என்று மாமி கேட்டிருக்கிறார். இதையெல்லாம் என்னெண்டு அம்மா சொல்லுறது என்றார் மகன். சவர்க்கார மணமே பிடிக்குதில்லை, கண்டாலே ஓடிப் படுக்கிறா, கிட்டப் போனால் கடிக்க வாறா என்றும் சொன்னார். முதலில அப்பிடித்தான் தம்பி, மணம் ஒண்டும் ஒத்துவராது, நீ ஆக்கினைப்படுத்தாமல் விடு என்றாராம் மாமி. நாய்க்குக்கூட அம்மா இவ்வளவு இரங்குகிறாரே என்று கணவருக்கு ஆச்சரியம். மேற்கொண்டு யோசிக்க நேரம் கிடைக்கவில்லை, நாய் அதற்குள் அலுமாரிக்குப் பின்னால் பாய்ந்துவிட்டது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இப்போது ஊரின் வாய் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. பொழுது சாய்வதற்குள் கனடாவிலிருந்து ஒரு சித்தப்பா, பப்பாசிப்பழம் தொடக்கூடாது என்று எனக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தார். எதற்கு என்று சொல்லவில்லை. வயது போனவர், ஆளை மாறி அனுப்பிவிட்டார் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் விடியவே மாமி ஓட்டோவில் வந்து இறங்கினார். நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். அவர் கையில் இரண்டு பைகள், ஒன்றில் மீன், மற்றதில் முருங்கையிலையும் புளிப்புக்குத் தேசிக்காயும். இரண்டையும் படலையடியிலேயே போட்டுவிட்டு நேரே வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். ஆறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. என்ர பிள்ளை, என்ர பிள்ளை என்று அழுதார். எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் அவருடைய தோளுக்கு மேலால் கணவரைப் பார்த்தேன். அவருக்கும் அந்த நிமிஷத்தில்தான் விளங்கியிருக்க வேண்டும். வாயில் பற்பசை நுரையோடு மெல்லத் திரும்பிக் குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்தார். சிக்கலான எதுவும் வந்தால் அவருக்கு உடனே தாகம் எடுத்துவிடும்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இல்லாத பிள்ளைக்காக வருகிற கண்ணீர், கண் முன்னால் நிற்கிற எனக்காக ஒரு நாளும் வரவில்லையே என்ற கோபம். அதோடு இன்னொன்று. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்தக் கைகள் இன்னும் கொஞ்ச நேரம் என் முதுகில் இருந்தால் நல்லது என்றும் இருந்தது.

கைகள் இருக்கவில்லை. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, கால்மிதியில் கிடந்த நாய் கண்ணில் பட்டுவிட்டது. வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் நாய் கூடாது என்றார். மயிர் மூச்சுக்குள் போகும், வாய் வைக்கிற இடமெல்லாம் பூச்சி. நிலாவெளியில் சொந்தக்காரரின் தென்னந்தோட்டத்துக்குக் காவல் நாய் தேடுகிறார்களாம், பின்னேரமே ஆள் வந்து கொண்டுபோய்விடும். சொல்லிக்கொண்டே போனில் ஆளையும் பிடித்துவிட்டார். குசினியில் இரண்டாவது தடவை தண்ணீர் வார்க்கிற சத்தம் கேட்டது.

இனி உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். சொன்னால் மாமியின் கண்ணீர் நின்றுவிடும், நான் பழையபடி குசினிக்கு அனுப்பப்படுகிறவள் ஆகிவிடுவேன். சொல்லாவிட்டால் நாய் நிலாவெளிக்குப் போய்விடும். நான் நாயின் பக்கம் நின்றேன்.

"மாமி, அவர் போனில சொன்னது என்னையில்லை. நாய்தான் முழுகாமல் இருக்கு."

மாமி என்னைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். பக்கத்துக் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

"நாயுமோ?" என்றார்.

அந்த ஓர் "உம்"மை என்னால் கடைசி வரை பிடுங்க முடியவில்லை. இல்லை மாமி, நான் சொல்ல வந்தது வேறு, குளிக்கிறதைச் சொன்னனான் என்று தொடங்கினேன். குளிக்காதை, குளிர் பிடிச்சிடும் என்று எனக்குச் சொல்லிவிட்டுக் குனிந்து நாயின் வயிற்றை ஆராயத் தொடங்கினார். முந்திய இரவு மிஞ்சிய புட்டு முழுவதையும் தின்றிருந்த நாய் மல்லாந்து வயிற்றைக் காட்டியது. ஓம், இறங்கித்தான் இருக்கு என்று மாமி தீர்ப்புச் சொன்னார். பிறகு கொஞ்சம் யோசித்தார். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டிலிருந்து, வயிற்றில் குட்டியோடு இருக்கிற சீவனை வெளியில் கலைத்தால் அந்தப் பழி பிள்ளைக்கு வரும். நிலாவெளிக்காரருக்குத் திரும்பப் போன் எடுத்து, இப்ப வரவேண்டாம், குட்டி போட்ட பிறகு பார்ப்பம் என்றார்.

நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முகத்தைக் கழுவினேன். கழுவும்போதுதான் கணக்குப் பார்த்தேன். எனக்கு எப்போதும் பிந்திப் பிந்தித்தான் வரும், அதனால் நாள் பார்க்கிற பழக்கத்தை எப்போதோ விட்டிருந்தேன். இருந்தாலும் இந்த முறை கொஞ்சம் கூடத்தான் பிந்தியிருந்தது. கணவரைப் பார்மசிக்கு அனுப்பிப் பரிசோதிக்கிற குச்சி ஒன்று வாங்குவித்தேன். ஆசையில் இல்லை. ஒற்றைக் கோட்டை மாமிக்குக் காட்டிக் கதையை முடிப்பதற்குத்தான்.

இரண்டு கோடு வந்தது.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்பார்கள். எங்கள் வீட்டில் நாய் குளிக்க மறுக்க எனக்குப் பிள்ளை வந்துவிட்டது. குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஈரத் தரையிலேயே இருந்து சத்தம் வராமல் அழுதேன். வெளியில் நின்ற கணவரிடம் கதவிடுக்கால் குச்சியை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார். தண்ணீர் குடிக்கப் போனார்.

ஆக, மாமி சொன்னதில் பாதி உண்மையாகிவிட்டது. மிச்சப் பாதி நாயின் வயிற்றில் இருந்தது. அதைத் திருத்தப் போனால் நாய் நிலாவெளிக்குப் போய்விடும். குட்டி இருக்கிற வரைக்கும்தான் அதற்கு இந்த வீட்டில் இடம். கர்ப்பப்பையே இல்லாத நாய் என்று தெரிந்தும் நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

மாமி முன்னறையில் குடியேறினார். வீட்டுக்குச் சட்டங்கள் வந்தன. முதலாவது, பிள்ளை பிறக்கும்வரை கணவர் கையால் ஓர் உயிரும் சாகக்கூடாது. கரப்பான் பூச்சிகளுக்கு இந்தச் சட்டம் எப்படியோ தெரிந்துவிட்டது, பகலிலேயே குசினிச் சுவரில் உலாப் போயின. கடிக்கிற நுளம்பைக் கூடக் கணவர் கையால் விசுக்கித்தான் அனுப்ப வேண்டும். அதே குசினியில் மாமி தினமும் மீன் வெட்டினார். கேட்டால், அது செத்துத்தானே வந்தது என்பார்.

கிளினிக் மிட்வைஃப் ஸ்கூட்டரில் வந்தபோது மாமி நாயைக் காட்டி, இது இருக்கலாமோ என்று கேட்டார். நாய்க்குத் தடுப்பூசி போட்டு, பூச்சிக் குளிசை கொடுத்தால் பிரச்சினை இல்லை, பூனையின் கழிவில்தான் கவனம் வேண்டும் என்றார் அவர். எங்களிடம் பூனை இல்லை. ஆனால் அறிவுரை கிடைத்தால் அதை வீணாக்குகிற ஆள் மாமி இல்லை. அடுத்த வீட்டு மதிலில் காலம் காலமாக வெயில் காய்ந்த பூனையின் மீது அன்றைக்கே போர் தொடங்கினார், நிலாவெளி முடிவை மட்டும் மாற்றவில்லை. போகிற நேரம் மிட்வைஃப் நாயை ஒரு மாதிரிப் பார்த்து, இது என்ன இப்பிடிக் கொழுத்து வைச்சிருக்கு என்று கேட்டார். முழுகாமல் இருக்கு என்றார் மாமி. மிட்வைஃப் சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரை எடுத்தார், பகிடி என்று நினைத்திருப்பார்.

நாய் கொழுத்துத்தான் இருந்தது. காரணம் நான். எனக்கு அந்த மாதங்களில் சோறு வேகிற மணமே வயிற்றைப் பிரட்டும். மாமியோ விடிந்தால் முருங்கையிலை வறை, மத்தியானம் மீன் சொதி, பின்னேரம் கிளினிக்கில் தந்த சத்துமாவில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்த உருண்டை என்று கோப்பையை நிறைத்துக்கொண்டு வந்து வைப்பார். மறுக்க ஏலாது. முகம் வாடிவிடும். அவர் திரும்புகிற நேரம் பார்த்து மேசைக்குக் கீழே கையை நீட்டுவேன். அங்கே ஒரு வாய் எப்போதும் தயாராக இருக்கும். கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தால் எனக்கு எடை ஏறாது. என்னுடைய நிறையெல்லாம் வீட்டில் நாய்க்கு ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளையின் இதயம் நன்றாகத் துடிக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை என்று அங்கே சொன்னதால்தான் நான் நிம்மதியாக நாய்க்கு ஊட்டினேன். வயிற்றுப் பிரட்டும் சத்தியெடுப்பும் நின்று எனக்குப் பசிக்கத் தொடங்கிய பிறகு மாமி அளவை இரண்டு மடங்காக்கினார். நாயும் நானும் பங்கு பிரித்தோம்.

இதைத் தவிர நாய்க்கென்று தனிக் கோப்பையும் இருந்தது. மாமி நாயைத் தொடமாட்டார், விளக்குமாற்றுக் காம்பால் கோப்பையைத் தள்ளிவிட்டுத் தள்ளி நின்று பேசுவார். தின்னு பிள்ளை, ரெண்டு உயிருக்குத் தின்ன வேணும் என்பார். எனக்குச் சொல்கிற அதே வசனம், அதே குரல். ஒரு நாள் எனக்குச் சொல்வதை விடக் கொஞ்சம் கனிவாகச் சொன்ன மாதிரி இருந்தது. நாயோடு போட்டிக்குப் போகிற நிலைமைக்கு வந்துவிட்டேனே என்று என் மீதே எரிச்சல் வந்தது.

நாய் குட்டி சுமப்பது எவ்வளவு காலம் என்று மாமிக்குத் திட்டமாகத் தெரியாது. சல்லியில் தெரு நிறைய நாய்கள், எவர் கணக்கு வைத்தார்கள். ஆனால் அவர் ஆடு வளர்த்தவர். அதனால் நாயையும் ஆட்டுக் கணக்கில் போட்டார். ஓம் அம்மா, ஏறக்குறைய ஆடு மாதிரித்தான் என்று கணவர் தலையாட்டினார். அப்படி நாய்க்கு ஐந்து மாதம் தவணை கிடைத்தது. குட்டிகளுக்கு ஆட்களும் பிடித்தாகிவிட்டது. ஒரு மச்சாளுக்குக் கறுப்பு, இன்னொருவருக்கு ஆண். மாமி நாயின் வயிற்றைக் கவலையோடு பார்ப்பார். நானும் பார்ப்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கேள்விப்பட்டிருக்கிறேன். நாங்கள் இல்லாத பூசணிக்காயைக் காட்டிக்கொண்டிருந்தோம்.

தவணை முடிகிற நேரம் கணவர் ஒரு யோசனை சொன்னார். குட்டி கலைந்துபோய்விட்டது என்று சொல்லிவிடுவோம். எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த சட்டியைத் தொப்பென்று வைத்தேன். பொய்க்குக்கூட அந்தச் சொல்லை இந்த வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் என்றேன். அவருக்கு முகம் சுருங்கிப்போனது. அதற்குப் பிறகு இருவரிடமும் யோசனை இல்லை. நாய் போய்விடப் போகிறது என்பது மட்டும் தெரிந்தது. நான் பிள்ளைக்கு உடுப்புத் தைப்பதை விட்டுவிட்டு நாயின் பக்கத்தில் தரையில் போய் இருப்பேன். எழும்புவதற்கு ஆள் வேண்டும், ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

ஆட்டுக் கணக்கும் தாண்டியபோது மாமிக்குப் பொறுக்கவில்லை. குட்டி தங்கிப்போச்சு, இனி விட்டால் தாய் போயிடும் என்றார். உண்மையாகவே கலங்கியிருந்தார், காலையில் தேத்தண்ணியும் குடிக்கவில்லை. கணவர் வேலைக்குப் போயிருந்தார், அங்கே தண்ணீர்ப் போத்தல் இருந்திருக்கும். மாமி தானே போய் ஓட்டோ பிடித்து வந்து, பழைய சீலையில் நாயைச் சுற்றி ஏற்றி, என்னையும் ஏறச் சொன்னார். மிருக வைத்தியரிடம் போகிற வழி முழுவதும் நான் நாயின் காது நறுக்கைச் சீலையால் மூடிக்கொண்டு இருந்தேன். நாய் மட்டும் சந்தோஷமாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தது.

வைத்தியர் ஓர் இளம் பெண். மாமி சொன்னதையெல்லாம் கேட்டார், ஆட்டுக் கணக்கு உட்பட. பிறகு நாயை மேசையில் ஏற்றச் சொல்லி வயிற்றை அமத்திப் பார்த்தார். காதைத் தடவிப் பார்த்தார். இந்த நறுக்கைக் கண்டீங்களோ அம்மா, இது ஆபரேஷன் செய்த நாய், இதுக்குக் கர்ப்பப்பையே இல்லை, இது குட்டி போடாது என்றார். அப்ப வயித்தில என்ன என்று மாமி கேட்டார். கொழுப்பு என்றார் வைத்தியர். பிறகு பேனையை எடுத்து, நாய்க்கு என்ன சாப்பாடு கொடுக்கிறனீங்கள் என்று என்னைக் கேட்டார்.

நான் மாமியைப் பார்க்காமல் சொன்னேன். முருங்கையிலை வறை. மீன் சொதி. அவிச்ச முட்டை. சத்துமா உருண்டை. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் மாமி அசையாமல் நின்றார். அவர் தன் கையால் எனக்குச் சமைத்த ஐந்து மாதத்துச் சாப்பாடு அந்த அறையில் வரிசையாக வந்து நின்றது. நாயைப் பட்டினி போடாமல் மெலியவைக்க வழி சொல்லி வைத்தியர் எங்களை அனுப்பினார்.

திரும்பி வரும்போது நாய் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. ஊருக்குள் திரிகிற மான்கள் ரோட்டைக் கடப்பதற்காக ஓட்டோ நின்றபோதுதான் மாமி கேட்டார்.

"உனக்கு முதலே தெரியுமோ?"

"ஓம் மாமி."

"தம்பிக்கு?"

"அவர்தான் கொண்டுபோய்ச் செய்விச்சவர்."

"நான் அவிச்சதெல்லாம் நாய்க்கோ?"

எல்லாம் இல்லை, மீன் பொரியல் நான்தான் சாப்பிட்டனான் என்றேன். அது உண்மை. மாமி வெளியே திரும்பிக்கொண்டார். நாய் போனால் நானும் போவேன் என்று சொல்ல மனதுக்குள் வசனம் கட்டிக்கொண்டிருந்தேன். எங்கே போவேன் என்று கேட்டால் பதில் இல்லை, நிலாவெளித் தென்னந்தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். ஓட்டோ மறுபடி புறப்பட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமி கையை நீட்டி, ஐந்து மாதமாக வெறுங்கையால் தொடாத நாயின் தலையில் வைத்தார்.

"குட்டி இல்லாட்டி என்ன," என்றார். "வீட்டுக்கு வந்தவ. இருக்கட்டும்."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நாய் தப்பிவிட்டது. ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறு வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வசனம் அது. குட்டி என்ற ஒரு சொல்லை மட்டும் மாற்றினால் போதும்.

"மாமி, இதை நீங்கள் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே."

"நீ என்ன நாயோ?" என்றார் மாமி, யோசிக்காமல்.

"நாயாய் இருந்திருக்கலாம் மாமி."

ஓட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு அவசரமாகப் பார்வையைத் திருப்பினார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் இல்லை. மாமி தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர்ஸ் ஹில் ஏற்றம் தொடங்கி ஓட்டோ முக்கிக்கொண்டு ஏறும்போது, அவர் குனிந்து நாயின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய குரல் சிறியதாக இருந்தது.

"இஞ்ச பார். ஆறு வருஷமா நான் அவவுக்குக் கதைச்ச கதையெல்லாம் பிழை. நேர சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை. நீ சொல்லிவிடு."

நாய் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது.

"எனக்குக் கேட்டது எண்டு சொல்லு," என்று நானும் நாயிடம் சொன்னேன்.